பராக்கு: வேலை, வேடிக்கை, விமர்சனம் பற்றி ஒரு வட்டாரக் குறிப்பு

1

'பராக்கு' என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு உபயோகங்கள் உண்டு. வகுப்பில் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கும் பையனையும், வியாபாரம் இல்லாத நேரத்தில் கடைவாசலில் நின்று தெருவைப் பார்க்கும் வேலையாளையும் 'அங்க இன்னா பராக்கு பாத்துகினு நிக்கிற?' என்று அதட்டுவார்கள். இங்கே அது கவனம் சிதறியதைக் குறிக்கிறது. அதே சொல் 'பராக்' என்று கட்டியம் கூறுபவன் வாயிலிருந்து வரும்போது, ராஜா வருகிறார், எல்லாரும் இந்தப் பக்கம் கவனியுங்கள் என்று பொருள். கவனமில்லாமல் இருப்பதற்கும் கவனிக்கச் சொல்லும் உத்தரவுக்கும் ஒரே சொல். இதை மொழியில் நேர்ந்த ஒரு விபத்து என்று ஒதுக்கிவிடலாம்தான். ஒருவருடைய கவனத்தின் மீது யாருக்கு உரிமை என்ற பழைய தகராறு ஒன்று இதற்குள் உறைந்து கிடக்கிறது என்றே எனக்குப் படுகிறது. ராஜா வரும் திசையில் பார்த்தால் அது கவனம். வேறு எந்தத் திசையில் பார்த்தாலும் பராக்கு.

இதை யோசிக்க வைத்தது விழுப்புரம் பேருந்து நிலையத்தில் பார்த்த ஒரு புத்தகக் கடை. ஜோதிடம், சமையல், போட்டித் தேர்வு வழிகாட்டிகள், அதற்குப் பக்கத்தில் வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லும் புத்தகங்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் நான்கைந்தைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் இரண்டு அத்தியாயங்கள் தவறாமல் இருந்தன. ஒன்று, வேலையில் கவனச் சிதறலை வெல்வது எப்படி. இன்னொன்று, மேலதிகாரியின் விமர்சனத்தைப் பக்குவமாக எதிர்கொள்வது எப்படி. முதலாவதற்கு வழி, அரட்டை, வேடிக்கை, கைபேசி எல்லாவற்றையும் அறுத்தெறிவது. இரண்டாவதற்கு வழி, புன்னகையோடு கேட்டுக்கொண்டு நம்மைத் திருத்திக்கொள்வது.

இந்தப் புத்தகங்களைக் கேலி செய்வது எளிது. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் அதைத்தான் செய்து வந்திருக்கிறோம். அப்துற் றஹீம், தமிழ்வாணன், எம்.எஸ். உதயமூர்த்தி என்று தமிழில் இதற்கு ஒரு நீண்ட மரபு இருக்கிறது. வீட்டில் முதன்முதலாகப் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் பலருக்கு, அலுவலகத்தில் எப்படி உட்கார்வது, எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க வேறு யாரும் இல்லாதபோது இவைதான் துணையாக இருந்தன. அந்தத் தேவை உண்மையானது. இவற்றில் விடுபட்டுப்போவது வரலாறு. வேலையாளுக்கு இந்தப் புத்தகங்களில் காது மட்டும் இருக்கிறது, வாய் இல்லை. விமர்சனம் மேலிருந்து கீழே மட்டும் வருகிறது. கவனம் என்பது எப்போது, யாரால், என்ன விலைக்கு வாங்கப்பட்ட சரக்கு என்ற கேள்வி எழுவதேயில்லை. விழுப்புரம், திண்டிவனம், இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புதுச்சேரி என்ற இந்த முக்கோணத்துக்குள் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன்.

2

நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். திண்டிவனத்துக்கும் மல்லாட்டைக்கும் உள்ள உறவு பெரியது. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940இல் வெளிவந்த டி.எம்.வி.2 என்ற ரகம் ஆந்திரம், கர்நாடகம் வரை பரவியது. டி.எம்.வி. என்ற மூன்று எழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பவைதான். அந்த விதையைப் பற்றி விவசாய விஞ்ஞானம் நிறைய எழுதியிருக்கிறது. விதைக்காக அதை உடைத்துக் கொடுத்த விரல்களைப் பற்றி எழுதியது குறைவு.

எந்திரம் வந்த பிறகும் விதைக்கொட்டையைக் கையால் உடைப்பது நீடித்தது. எந்திரத்தில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், தோல் போய்விடும், முளைக்காது. என் ஆயா தன் சேக்காளிகளோடு திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உடைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கூலி, உடைத்த பருப்புக்குப் படிக் கணக்கு. காய் விரலுக்கிடையில் 'பட்' என்று உடையும்போதே வாயும் நடக்கும். விடுகதை, ஒப்பாரி, கல்யாணத்தில் நடந்த சண்டை, மாமியார் கதை, எல்லாவற்றுக்கும் மேலாக மல்லாட்டை கொடுத்த வீட்டுக்காரர் படியில் அளக்கும்போது கட்டைவிரலை உள்ளே விட்டு எப்படி அளப்பார் என்ற நடிப்பு. அந்த நடிப்புக்கு விழும் சிரிப்பு தெருக்கோடி வரை கேட்கும். வீட்டுக்காரரே வந்து நின்றால் 'வாங்க நைனா, இப்பதான் உங்கள சொல்லிகினு இருந்தோம், நூறு வயசு' என்பார்கள். அவரும் சிரிப்பார். அடுத்த முறை அளக்கும்போது கட்டைவிரல் கொஞ்சம் வெளியே வரும்.

இதைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. கூலி அற்பம். நாள் பூராவும் உடைத்தால் விரல்நுனி வெடித்துப் போகும். சிரிப்பு வேலையை லேசாக்கியது என்றால், லேசான அந்த வேலையின் லாபம் வீட்டுக்காரருக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. அந்தத் திண்ணையில் வேலையும் வேடிக்கையும் தனித்தனிப் பொழுதுகளாகப் பிரியவில்லை. விமர்சனமும் வேடிக்கைக்குள்ளேயே இருந்தது. படிக் கணக்குக் கூலி என்பதால் நேரம் அந்தப் பெண்கள் கையில் இருந்தது. இதே பெண்கள் கயனியில் நாள்கூலிக்கு நாற்று நட இறங்கும்போது நிலைமை மாறிவிடும். வரப்பில் ஒருவர் குடைபிடித்து நிற்பார். அப்போது பேச்சு பராக்கு ஆகிவிடும். விற்கப்பட்டது நாள் என்பதால், அந்த நாளுக்குள் சிரித்த சிரிப்பு வாங்கியவருக்கு நஷ்டக் கணக்கு.

ஈ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் இங்கிலாந்தில் வைத்துப் பேசியது. வேலையை முடிப்பது என்ற கணக்கிலிருந்து நேரத்தை விற்பது என்ற கணக்குக்குத் தொழிலாளர்கள் எப்படிப் பழக்கப்படுத்தப்பட்டார்கள் என்பதை அவர் எழுதினார். திங்கட்கிழமையைப் புனிதத் திங்கள் என்று சொல்லி வேலைக்கு மட்டம் போட்ட கைவினைஞர்களை அடக்க, மணிக்கூண்டும் அபராதமும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியின் போதனையும் தேவைப்பட்டன. சோம்பல் என்ற பாவம் கடிகாரத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. 1880இல் பால் லஃபார்க் சோம்பலுக்கான உரிமையைக் கோரி ஒரு பிரசுரமே எழுதினார். மார்க்சின் மருமகன் எழுதிய அதை நம் கட்சி வகுப்புகளில் அதிகம் யாரும் வாசிப்பதில்லை.

3

இனி கட்டியக்காரன். விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. 1988இல் வெளிவந்த ஆல்ஃப் ஹில்டெபைட்டெலின் ஆய்வு, செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள மேலச்சேரியை இந்த வழிபாட்டு மரபின் மையமாகக் கண்டது. அவர் எழுதியது பெரும்பாலும் திரௌபதியைப் பற்றி. எனக்கு இங்கே தேவைப்படுவது திரைக்கு இந்தப் பக்கம் நிற்கும் வேலைக்காரன்.

கட்டியக்காரன் யார்? ராஜாவின் ஏவலாள். சபையை ஒழுங்குபடுத்துவது, ராஜா வருவதை அறிவிப்பது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது அவன் வேலை. இன்றைய மொழியில் சொன்னால் சபையின் கவனத்தை ராஜாவின் மீது குவித்து வைப்பதுதான் அவனுக்கு இடப்பட்ட பணி. ஆனால் அவன் செய்வதெல்லாம் அதற்கு நேர்மாறு. திரைக்குப் பின்னால் ராஜா வேஷம் கம்பீரமாக விருத்தம் பாடிக்கொண்டிருக்க, இவன் இந்தப் பக்கம் நின்று அந்தக் கம்பீரத்தைப் பழித்துக் காட்டுவான். 'நீங்க யாரு?' என்று ராஜாவையே விசாரிப்பான். துரியோதனன் தன் தேசவளம் சொன்னால், இவன் நம் ஊர் ரேஷன் கடையைப் பற்றியும் போடாத ரோட்டைப் பற்றியும் சொல்வான். பாரதக் கதை ஊர்க் கதையாவதும் ஊர்க் கதை பாரதக் கதையாவதும் அவன் வாயில்தான். பராக் சொல்லவேண்டியவன் சபையைப் பராக்கு பார்க்க வைக்கிறான். முதல் பத்தியில் சொன்ன இரண்டு பொருளும் ஒரே உடம்பில் சேரும் இடம் இது.

மிகயீல் பக்தின் ஐரோப்பியத் திருவிழாச் சிரிப்பைப் பற்றி எழுதியதை நினைக்காமல் இருக்க முடியாது. மேல் கீழாகும், கீழ் மேலாகும். தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் பக்தினைப் படித்தவர்கள் கட்டியக்காரனை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். அந்த உற்சாகத்தில் இரண்டு விஷயங்கள் நழுவிப்போயின.

ஒன்று, கூத்துக்காரர்களுக்கும் கூத்து ஒரு வேலை. விடிய விடிய நின்று ஆடும் உடல் உழைப்பு. கட்டியக்காரன் ராஜாவைக் கேலி செய்வதுபோல சபை அவனையும் கேலி செய்யும். பாட்டு முழுக்கத் தெரிந்த பெருசுகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு அடி தப்பினால் அங்கிருந்தே குரல் வரும். தேர்ந்த கூத்துக்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தலை குனியவும் மாட்டார். அந்தக் குரலை அப்படியே உள்ளே இழுத்துக் கட்டியக்காரனுக்கான வசனமாக்கிவிடுவார். 'பாத்தியாடா, அந்தத் தாத்தாவுக்குத் தெரிஞ்சது ராஜாவுக்குத் தெரியல' என்பதுபோல. விமர்சனத்தைப் பொறுத்துக்கொள்வதற்கும் அதை ஆட்டத்தின் பகுதியாக்கிக்கொள்வதற்கும் தூரம் அதிகம். முன்னேற்றப் புத்தகங்கள் சொல்லித்தருவது முதலாவதை மட்டும்.

இரண்டாவது விஷயம் கசப்பானது. அந்தச் சபையில் யார் யார் இருந்தார்கள்? கட்டியக்காரன் எல்லாரையும் கேலி செய்தான் என்கிறோம். அந்தக் கேலியைக் கேட்க எல்லாருக்கும் சமமான இடம் இருந்ததா? விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் நுழைந்த தலித்துகள் தாக்கப்பட்டார்கள். அந்த ஜூன் மாதம் அரசு அதிகாரிகள் கோயிலைப் பூட்டி சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில்தான், நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, பூஜைக்காகக் கதவு திறக்கப்பட்டது. துகிலுரியப்பட்ட பெண்ணுக்கு நீதி கேட்கும் கதை நடக்கும் கோயில் வாசலில் இது. கட்டியக்காரன் ராஜாவைத் தொடுவான், ரேஷன் கடையைத் தொடுவான், வாசலைத் தொட்டானா? பொழுது விடிந்ததும் ராஜா ராஜாவாகவே இருந்தான், சேரி சேரியாகவே இருந்தது என்பதைச் சொல்லாமல் கூத்தின் கலகத்தைக் கொண்டாடுவது, வாசலில் நின்றவர்களை மறுபடியும் வாசலிலேயே நிறுத்துவதாகும்.

4

கடிகாரம் இந்தப் பகுதிக்கு ரயிலோடு வந்தது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் பாதை திறக்கப்பட்டது. அப்போது இந்திய ரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. 1906இல்தான் இந்தியாவுக்குப் பொதுவான நேரம் வந்தது. கோழி கூவுவதையும் நிழல் விழுவதையும் பார்த்து எழுந்தவர்கள் சங்கு ஊதும் சத்தத்துக்கு எழப் பழகினார்கள். அந்தச் சங்கு புதுச்சேரிப் பஞ்சாலைகளுடையது. பிரெஞ்சு எல்லையும் தென்னார்க்காட்டு ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்த பூமி இது. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே சொந்தக்காரர்கள்.

1936 என்ற வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்தப் பிப்ரவரியில் சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' வெளியானது. ஆலையில் வேலை செய்பவன் கழிப்பறைக்குப் போய் சிகரெட் பற்றவைக்கிறான். சுவரில் இருக்கும் பெரிய திரையில் முதலாளியின் முகம் தோன்றி வேலைக்குத் திரும்பச் சொல்லி அதட்டுகிறது. கண்காணிப்பைப் பற்றி ஃபூக்கோ 1975இல் எழுதியதை சாப்ளின் கழிப்பறைக்குள் வைத்துக் காட்டிவிட்டார்.

ஜூன் மாதம் பிரான்சில் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். எந்திரங்களுக்கு நடுவில் இசை வாசித்து ஆடினார்கள். ஆலை வேலையைத் தானே செய்து பார்த்திருந்த சிமோன் வெய், அந்த நாட்களின் சந்தோஷத்தைப் பற்றி எழுதினார். பயந்து பயந்து நின்ற இடத்தில் சிரித்துக்கொண்டு நிற்பதே ஒரு அரசியல் என்பதை அவர் பார்த்தார். அந்த வேலைநிறுத்தத்தில் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் கிடைத்தன.

அதே பிரான்ஸ் ஆண்ட புதுச்சேரியில் என்ன நடந்தது? 1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. சவானா ஆலையில் 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா போன்றவர்களின் வழிகாட்டலில் நடந்த அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மீதி எட்டு மணி நேரம் நம் இஷ்டம் என்பது பழைய கோஷம். சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடியதிலிருந்து இங்கேயும் ஒலித்த கோஷம். அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில்தான் நம் சினிமாக் கொட்டகை, சீட்டாட்டம், டீக்கடை பெஞ்சு, சிறுபத்திரிகை எல்லாமே அடக்கம். பொழுதுபோக்கு என்று நாம் சாதாரணமாகச் சொல்வது ரத்தம் கொடுத்து வாங்கிய பொழுது.

அதே 1936இல் அமெரிக்காவில் டேல் கார்னெகியின் புத்தகம் வெளிவந்தது. மனிதர்களை எப்படி வசப்படுத்துவது என்று சொல்லித்தந்த அது, யாரையும் விமர்சிக்காதே என்பதிலிருந்து தொடங்குகிறது. 1948இல் கவலையைப் பற்றி அவர் எழுதிய இன்னொரு புத்தகத்தில் நம்மீது வரும் விமர்சனத்தைத் தாங்குவது எப்படி என்று ஒரு பகுதியே இருக்கிறது. விழுப்புரம் பேருந்து நிலையத்துப் புத்தகங்களின் பூர்வீகம் இதுதான். கார்னெகி கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. அதே டிசம்பரில் ஃப்ளின்ட் நகரத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் எந்திரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பிரான்சிலும் புதுச்சேரியிலும் ஃப்ளின்ட்டிலும் கூட்டாகச் சொல்லப்பட்ட ஒரு விமர்சனத்துக்குப் பக்கத்திலேயே, விமர்சனத்தைத் தனிமனிதனின் மனப்பக்குவப் பிரச்சனையாக மாற்றும் ஒரு சொல்லாடலும் அச்சாகி வெளிவந்தது. நூலகத்தில் நமக்குக் கிடைப்பது இரண்டாவது.

5

கவனச் சிதறல் என்று ஆட்சியாளர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதற்கு கியூபாவிலிருந்து ஒரு சான்று. ஹவானாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல், வேலை நேரத்தில் ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிக்கும் பழக்கம் தொடங்கியது. வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. கை சுருட்டு சுருட்டும், காது உலகத்தைக் கேட்கும். அடுத்த வருஷமே ஸ்பானிய ஆட்சி அதற்குத் தடை விதித்தது. புத்தகம், பத்திரிகை வாசித்தும் வேலைக்குச் சம்பந்தமில்லாத விவாதம் செய்தும் தொழிலாளர்களின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடாது என்பது அந்த உத்தரவின் சாரம். தடைகளைத் தாண்டி அந்த வழக்கம் மீண்டும் மீண்டும் உயிர்த்தது. வட கேரளத்தின் பீடித் தொழிலாளர்களிடமும் இதே வழக்கம் இருந்தது. ஒருவர் பேப்பர் வாசிப்பார், அவர் சுற்றவேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். 1969இல் கண்ணூரில் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவிலும் அது தொடர்ந்தது. அந்த வாசிப்பில்தான் அவர்கள் அரசியல் படித்தார்கள்.

ஆக, மேலே இருப்பவர்கள் கவனச் சிதறல் என்று பெயர் வைப்பது பல சமயம் வேறொரு கவனத்துக்கு. இது முதலாளிகளோடு முடிகிற விவகாரமாக இருந்தால் கட்டுரையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். முடியவில்லை. ஏனென்றால் 1936இல் இன்னொன்றும் நடந்தது.

லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. சாதி ஒழிப்புக்கென்றே ஏற்பட்ட அமைப்பு அது. அவர் எழுதி அனுப்பிய உரையைப் படித்துப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் எதையும் மாற்ற மறுத்தார். மாநாடு ரத்தானது. அந்த உரையை மே மாதம் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. ஜூலையில் 'ஹரிஜன்' இதழில் காந்தி அதை விமர்சித்து எழுதினார். எட்டணா விலை அதிகம், குறைக்கலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. அடுத்த வருஷம் இரண்டாம் பதிப்பு வந்தபோது அம்பேத்கர் காந்தியின் விமர்சனத்தைப் புத்தகத்திலேயே சேர்த்து, தன் பதிலையும் சேர்த்து அச்சிட்டார். விமர்சனத்தை எதிர்கொள்வது எப்படி என்று பாடம் எடுக்க வேண்டுமென்றால் நான் இந்த இரண்டாம் பதிப்பைத்தான் காட்டுவேன். அவர் எதிராளியின் குரலை மறைக்கவில்லை. பெரிய மனிதர் சொல்லிவிட்டார் என்று தலையாட்டவும் இல்லை. இரண்டையும் வாசகர் முன்னால் வைத்தார்.

1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர்களிடம் பேசும்போது அவர் இன்னொரு குற்றச்சாட்டுக்கு முகம் கொடுக்க வேண்டியிருந்தது. தலித்துகள் தனியாகக் கூடுவது தொழிலாளர் ஒற்றுமையைக் குலைக்கிறது, வர்க்கப் போராட்டத்தைத் திசைதிருப்புகிறது என்பது அது. ரயில்வேயில் தலித்துகள் கடைசிவரை கேங்மேன் வேலையிலேயே வைக்கப்படுவதையும், பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவுக்குள் விடப்படாததையும் சுட்டிக்காட்டி, ஒற்றுமையைக் குலைப்பது யார் என்று திருப்பிக் கேட்டவர் அவர். விழுப்புரம் போன்ற ஒரு ரயில்வே சந்திப்பு ஊரில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 1974 மே ரயில்வே வேலைநிறுத்தத்தில் எட்டு மணி நேர வேலை முக்கியக் கோரிக்கை. நாம் பெருமையோடு நினைவுகூரும் போராட்டம் அது. தண்டவாளத்தில் சம்மட்டி தூக்கியது யார், ஆபீசில் பேனா பிடித்தது யார் என்ற கேள்வியை அந்த நினைவுகூரலில் எழுப்பினால் இன்றைக்கும் சில தோழர்களுக்கு முகம் சுருங்கும். சிதறல் என்று முதலாளி சொன்ன இடத்தில் நாம் திசைதிருப்பல் என்கிறோம். சொல் வேறு, வேலை ஒன்று.

6

இதை வெளியில் நின்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த நாட்களில், ஜன்னல் பக்கம் தலை திரும்பினால் 'பராக்கு பாக்கவா சம்பளம்?' என்று கேட்ட மேலாளரை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். கொஞ்ச வருஷம் கழித்து திண்டிவனத்தில் ஒரு கூட்டத்துக்கு நான் தலைமை. வேலை நேரச் சட்டம் பற்றிய விவாதம். நடுவில் ஒரு அக்கா எழுந்து கேட்டார்: 'எட்டு மணி நேரம் எட்டு மணி நேரம்னு சொல்றீங்களே தம்பி, கம்பனி பஸ்ல போயிட்டு வந்து வூட்ல சோறாக்குற நேரத்த எந்தக் கணக்குல சேக்குறது? இங்க டீ போட்டுத் தந்தது யாரு?' கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, 'அக்கா, விஷயத்த திசைதிருப்ப வேணாம், அத அப்புறம் பேசலாம்' என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. அச்சக மேலாளரின் குரல் என் தொண்டையிலிருந்து வந்திருக்கிறது. என் ஆயாவும் அந்தத் திண்ணையில் அக்கா மாதிரிதான் பேசியிருப்பாள். கட்டைவிரலை வெளியே எடுத்திருக்க வேண்டியது நான்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. 1937இல் வந்த எட்டு மணி நேரம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு அந்தப் பத்து நாட்கள் சாட்சி. திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே சென்னைச் சாலையில் கிளம்பும் கம்பனி பஸ்களில் பிள்ளைகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறார்கள். ஆலை வாசலில் பல இடங்களில் கைபேசியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து, இந்தத் தலைமுறை எந்நேரமும் ரீல்ஸ், கவனமே இல்லை என்று வருத்தப்படுவோர் நம்மிலும் உண்டு. கைபேசி நிறுவனங்கள் அவர்களுடைய மூன்றாவது எட்டு மணி நேரத்தையும் விலைக்கு எடுத்துவிட்டன என்பது உண்மை. அதற்கான விடையை வேலை நேரத்தில் இன்னும் கவனமாக இரு என்ற அறிவுரையில் தேடினால், ஒரு முதலாளியிடமிருந்து மீட்டு இன்னொரு முதலாளியிடம் ஒப்படைப்பதாகவே முடியும். ஹவானாவில் வாசித்தவர் மாதிரி, அந்தப் பஸ்ஸில் யாராவது ஒருவர் எதையாவது உரக்க வாசித்தால் என்ன ஆகும் என்று யோசிப்பது உருப்படியான வேலை.

அறிவுரைப் புத்தகங்களைப் பற்றி எழுதப்போய் அறிவுரையில் முடிப்பது வேடிக்கைதான். இருந்தாலும் எனக்கு நானே எழுதி வைத்துக்கொண்டதை இங்கே பகிர்கிறேன். ஒரு விஷயம் கவனத்தைக் கலைக்கிறது என்று தோன்றினால், யார் வேலைக்கான கவனத்தை அது கலைக்கிறது என்று கேட்டுக்கொள்வது. ஒரு விமர்சனம் வந்தால் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்ப்பது. மேலிருந்து வருவதை மற்றவர்களோடு சேர்ந்து எடைபோட்டு, சரியானதை ஏற்று, தப்பானதை அம்பேத்கர் செய்தது மாதிரி பகிரங்கமாக வைத்துப் பதில் சொல்வது. கீழிருந்து வருவதைச் சிரித்து மழுப்பாமல் அந்த இடத்திலேயே நின்று கேட்பது. நம் கூட்டங்களில் ஒருவரையாவது கட்டியக்காரனாக இருக்க விடுவது, அந்த இடம் ஆண்களுக்கே போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது. வாசலில் யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று எழுந்துபோய்ப் பார்ப்பது.

அந்த அக்காவின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அதை வைத்திருக்கிறோம். இந்த முறை தலைமை அவர்தான். டீ போடும் பொறுப்பு என்னிடம்.